ராடும் லைனும் ரீலும் ஒன்றுக்கொன்று பொருந்த: வேலூர் ஏரிக்கரையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஃப்ளை மீன்பிடிப்புக்குப் புதிதாக வருபவர் பெரும்பாலும் முதலில் ராடை, அதாவது வளையும் தூண்டில் கோலை வாங்குகிறார். பிறகு அதனுடன் பார்வைக்குப் பொருந்தும் ஒரு ரீலைத் தேடுகிறார். கையில் மிஞ்சிய தொகைக்கு ஏதோ ஒரு லைனைக் கடைசியாக எடுத்துக்கொள்கிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன். காவேரிப்பாக்கம் ஏரிக்கரையில் ஒரு மே மாதக் காலை முழுவதும் கை கடுக்க வீசியும், இருபது அடிக்கு அப்பால் லைன் ஒருமுறைகூட நேராகப் போய் விழவில்லை. என் கைப்பழக்கம்தான் போதவில்லை என்று பல மாதங்கள் நினைத்துக்கொண்டிருந்தேன். லைனும் ராடும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை என்பதையும், வாங்கிய வரிசையே தலைகீழாக இருந்தது என்பதையும் ஒரு தராசு எனக்குக் காட்டிக்கொடுத்தது. அந்தத் தராசைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சரியான வரிசை இதுதான்: எந்த மீன், அதற்கு எந்த ஃப்ளை, அந்த ஃப்ளையைச் சுமக்க எந்த லைன், அந்த லைனை வீச எந்த ராட், கடைசியாக அந்த லைனைச் சுற்றி வைக்க எந்த ரீல். இதற்குக் காரணம் வீசும் முறையிலேயே இருக்கிறது. நாம் சிறு வயதிலிருந்து பார்த்துவரும் தூண்டிலில் ஈயக்குண்டோ தக்கையோ முள்ளில் கோத்த இரையோ முன்னால் பறந்து, மெல்லிய நரம்பைத் தன் பின்னால் இழுத்துச் செல்கிறது. ஃப்ளை என்பது முள்ளின்மேல் இறகும் மயிரும் நூலும் கட்டிச் செய்த ஒரு பூச்சி வடிவம். அதை எடுத்து எறிந்தால் நம் காலடியிலேயே விழும். ஆகவே இங்கே எடை லைனுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. லைனின் எடை ராடை வளைக்கிறது, வளைந்த ராட் நிமிரும்போது லைனை முன்னே உருட்டி அனுப்புகிறது, லைன் ஃப்ளையைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. இது புரிந்துவிட்டால் மீதமுள்ள எல்லா முடிவுகளும் லைனின் எடையிலிருந்தே கிளைப்பதைக் காணலாம்.

லைனின் எண்ணும் அதன் உண்மையான எடையும்

ஒரு காலத்தில் ஃப்ளை லைன்கள் பட்டு நூலால் பின்னப்பட்டன. பட்டு என்றதும் நமக்கு ஆரணிதான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தப் பட்டு லைன்களை ஒவ்வொரு நாளும் உலர்த்தி, மிதப்பதற்காகக் கொழுப்புத் தடவி, மறுநாளுக்குத் தயார் செய்ய வேண்டியிருந்தது. அவற்றின் பருமனை எழுத்துகளால் குறித்தார்கள். பொருள் ஒன்றே என்பதால் பருமனைச் சொன்னால் எடையைச் சொன்னதாகிவிடும். நைலானும் பிளாஸ்டிக் பூச்சும் வந்த பிறகு அந்தக் கணக்கு உடைந்தது. ஒரே பருமனுள்ள இரண்டு லைன்கள் வெவ்வேறு எடையில் இருந்தன. அதனால் 1960 வாக்கில் அமெரிக்க மீன்பிடிக் கருவி உற்பத்தியாளர் சங்கம் ஒரு புதிய அளவை வகுத்தது. லைனின் முனையில் இருக்கும் சிறு சமப்பருமன் பகுதியை விட்டுவிட்டு, அதற்குப் பின்னுள்ள முதல் 30 அடியை, அதாவது 9.14 மீட்டரை நிறுத்து, அந்த எடைக்கு ஓர் எண் கொடுத்தார்கள். ராடின்மேல் அச்சிட்டிருக்கும் எண் இந்த லைன் எண்ணைத்தான் குறிக்கிறது.

எடையைக் கிரெயின் என்ற அலகில் சொல்வது வழக்கம். நம் பழைய பொற்கொல்லர் கணக்கில் ஒரு குன்றிமணி ஏறத்தாழ இரண்டு கிரெயினுக்குச் சமம் என்று வைத்துக்கொண்டால் கண்முன் ஓர் அளவு கிடைக்கும். 3ஆம் எண் லைன் 100 கிரெயின், அதாவது 6.5 கிராம். 4ஆம் எண் 120 கிரெயின், 7.8 கிராம், ஒரு பவுனுக்குச் சற்றே குறைவு. 5ஆம் எண் 140 கிரெயின், 9.1 கிராம், ஒரு பவுனும் ஒரு கிராமும். 6ஆம் எண் 160 கிரெயின், 10.4 கிராம். 7ஆம் எண் 185 கிரெயின், 12 கிராம். சரியாக ஒன்றரைப் பவுன். 8ஆம் எண் 210 கிரெயின், 13.6 கிராம். 9ஆம் எண் 240 கிரெயின், 15.6 கிராம். பவுன் கணக்கில் இதை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டவர்கள் பிறகு மறப்பதில்லை என்பதை நான் பலரிடம் கண்டிருக்கிறேன்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. இன்று விற்கப்படும் பல லைன்கள் உறையில் எழுதியிருக்கும் எண்ணைவிட அரை எண் முதல் ஓர் எண் வரை கனமாகவே செய்யப்படுகின்றன. சில அதற்கும் மேலே போகின்றன. விறைப்பான ராடுகள் அதிகம் விற்பதால், அவற்றை எளிதில் வளைக்க வேண்டும் என்பதற்காக இப்படிச் செய்கிறார்கள். 5ஆம் எண்ணுக்கு வகுக்கப்பட்ட எல்லை 134 முதல் 146 கிரெயின் வரைதான். என்னுடைய முதல் லைனின் உறையிலும் 5 என்றுதான் இருந்தது. வேலூர் லாங்கு பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் உறவினர் ஒருவரிடம் அதைக் கொண்டுபோய், தங்கம் நிறுக்கும் தராசில் வைத்தபோது 10.6 கிராம் காட்டியது. அது 6ஆம் எண்ணையும் தாண்டிய எடை. என்னிடம் இருந்ததோ மென்மையாக வளையும் 5ஆம் எண் ராட். காவேரிப்பாக்கத்தில் ராட் ஏன் ஈர மூங்கில்போலத் தொய்ந்தது என்ற கேள்விக்கு அந்தத் தராசு ஒரு நிமிடத்தில் விடை சொல்லிவிட்டது.

நிறுக்கும் முறை எளிது. லைனின் முனையிலிருந்து 9.14 மீட்டரை அளந்து, அந்த இடத்தில் பேனாவால் ஒரு குறி இடுங்கள். லைன் முனையின் சமப்பருமன் பகுதி பெரும்பாலும் அரை அடியைத் தாண்டாது; அதைக் கணக்கில் சேர்க்காமல் அதற்குப் பிறகு அளக்கத் தொடங்குங்கள். குறி வரையுள்ள பகுதியைச் சிறு வட்டங்களாகச் சுருட்டித் தட்டில் வையுங்கள். மீதி லைனைத் தட்டின் உயரத்துக்கே பக்கத்தில் ஒரு பெட்டியின்மேல் வைத்தால், தொங்கும் லைன் தட்டை இழுக்காது. 0.01 கிராம் வரை காட்டும் சிறிய மின்னணுத் தராசு இருந்தால் வீட்டிலேயே பார்க்கலாம். லைனின் உறையில் கிரெயின் எடை அச்சிட்டிருந்தால், எண்ணைப் பார்க்காமல் அந்த எடையைப் பார்த்து வாங்குங்கள்.

முதல் படி: நம் நீரில் உள்ள மீனிலிருந்து தொடங்குதல்

பாலாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். 2021 நவம்பரில் வந்ததைப் போன்ற வெள்ளம் அரிது. ஆகவே பழைய வட ஆற்காட்டில் ஃப்ளை வீசுவதென்றால் ஏரிகளிலும், குடியாத்தத்துக்கு மேற்கே மோர்தானா போன்ற அணை நீரிலும்தான். ஏரி மீன் பெரும்பாலும் குத்தகைக்கு விடப்பட்டிருக்கும். குத்தகை எடுத்தவரிடம் முதல் நாளே கேட்டு, அவர் சம்மதித்த பிறகே கரையில் இறங்க வேண்டும்.

ஜிலேபி கெண்டை எல்லா ஏரியிலும் உண்டு. அதற்கு 10 முதல் 14 வரையிலான சிறு முள்ளில் கட்டிய நிம்ஃப் (நீருக்குள் வாழும் இளம்பூச்சி) வகை ஃப்ளைகள் போதும். 4 அல்லது 5ஆம் எண் லைன் இவற்றைத் தாராளமாகச் சுமக்கும். சிறு கெண்டைகளுக்கு 3ஆம் எண்கூட இனிமையாக இருக்கும். விரால் முற்றிலும் வேறு கணக்கு. பாசிக்கும் அல்லிக்கும் நடுவே கிடக்கும் விராலுக்குத் தவளை வடிவில் கட்டிய பெரிய மிதக்கும் ஃப்ளை வேண்டும். அது காற்றைத் தடுத்துக்கொண்டு போவதால் சிறு லைன் அதைத் திருப்பிப் போடாது, கடித்த மீனைப் பாசிக்குள் போகவிடாமல் உடனே வெளியே இழுக்கவும் வலு வேண்டும். அங்கே 7 அல்லது 8. ரோகு, கட்லா வரக்கூடிய பெரிய ஏரிகளில் 6 அல்லது 7.

ஒரே ஒரு கருவித் தொகுப்புதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் 6ஆம் எண்ணையே சொல்வேன். உலகெங்கும் தொடக்கக்காரர்களுக்கு 5ஆம் எண்ணைப் பரிந்துரைப்பது மரபு. அது குளிர்நீர் மீனான டிரவுட் வாழும் ஓடைகளை மனத்தில் வைத்துச் சொன்னது. நம் ஏரிக்கரையில் ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கு எதிரே 5ஆம் எண் லைன் தடுமாறுகிறது. 6ஆம் எண் அதைக் கிழித்துக்கொண்டு போகிறது. ஜிலேபிக்கு அது சற்றே அதிகம், விராலுக்குச் சற்றே குறைவு. ஆனாலும் இரண்டையும் அது கைவிடுவதில்லை.

இரண்டாம் படி: லைனின் வடிவமும் வெயிலும்

லைன் உறையில் டபிள்யூ.எஃப்.6எஃப் என்பதுபோல ஒரு குறி இருக்கும். முதல் இரண்டு எழுத்துகள் வடிவத்தையும், நடுவிலுள்ள எண் எடையையும், கடைசி எழுத்து மிதக்குமா மூழ்குமா என்பதையும் சொல்கின்றன. வெயிட் ஃபார்வர்டு எனப்படும் டபிள்யூ.எஃப் வடிவில் எடை முன்பகுதியில் குவிந்திருக்கும். பின்னால் மெல்லிய ஓட்டப்பகுதி வரும். டபுள் டேப்பர் எனப்படும் டி.டி வடிவில் நடுப்பகுதி முழுவதும் ஒரே பருமனாக இருந்து இரு முனைகளும் மெலியும். ஒரு முனை தேய்ந்தால் திருப்பிப் போட்டு மறு முனையைப் பயன்படுத்தலாம். கடைசி எழுத்து எஃப் என்றால் மிதக்கும், எஸ் என்றால் மூழ்கும், ஐ என்றால் மெல்ல இறங்கும். நம் ஏரிகளின் ஆழத்துக்கு மிதக்கும் லைனே போதும்.

வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். நம் கரைகளில் நிற்பவரின் பின்னால் கரைச்சரிவும், அதன்மேல் சீமைக் கருவேலமும், வரிசையாகப் பனையும் நிற்கும். லைனைப் பின்னால் நீள வீச இடமே இருக்காது. நீரின்மேல் லைனை உருட்டி அனுப்பும் உருள்வீச்சுதான் பாதி நேரம் கைகொடுக்கும். உருள்வீச்சுக்கு ராட் முனைக்கு அருகில் பருத்த லைன் இருக்க வேண்டும். டி.டி வடிவமோ, முன்பகுதி 40 அடிக்குமேல் நீண்ட டபிள்யூ.எஃப் வடிவமோ அதற்கு ஏற்றது. பின்னால் வெட்டவெளி இருக்கும் இடங்களிலும், பெரிய தவளை ஃப்ளைகளுக்கும், முன்பகுதி குட்டையான டபிள்யூ.எஃப் நல்லது.

இதைவிட முக்கியமான ஒன்றைப் பலரும் கவனிப்பதில்லை, அது வெயில். லைனின் உள்ளே ஓர் இழையும் அதன்மேல் பிளாஸ்டிக் பூச்சும் இருக்கின்றன. குளிர்ந்த நீருக்கென்று செய்த லைனில் உள்ளிழை பல புரிகளைப் பின்னிய மென்மையான நைலானாகவும், பூச்சு இளக்கமாகவும் இருக்கும். அது பனி படர்ந்த ஓடையிலும் வளைந்துகொடுக்க வேண்டும் என்பதற்காக அப்படி. அதே லைன் 40 டிகிரியைத் தாண்டும் வேலூர் வெயிலில் வெந்த சேமியாபோலத் துவண்டுவிடுகிறது; பூச்சு ஒட்டும் தன்மை பெற்று ராடின் வளையங்களில் உராய்ந்து நிற்கிறது; எவ்வளவு வீசினாலும் லைன் வழுக்கி ஓடுவதில்லை. எடை கூடுதலாக இருந்ததோடு, என் முதல் லைன் குளிர்நீர் வகையாகவும் இருந்தது. வெப்பமண்டல நீருக்கென்று குறிப்பிட்டுச் செய்யும் லைன்களில் உள்ளிழை பெரும்பாலும் ஒற்றை நரம்பாலானது, பூச்சும் கடினம். வெயிலில் அவை விறைப்பைக் காத்துக்கொள்கின்றன. மார்ச் முதல் அக்டோபர் வரை வேலூரில் வீசுகிறவர் இந்த வகையைத்தான் வாங்க வேண்டும். அந்த லைனை எடுத்துக்கொண்டு நீலகிரியின் டிரவுட் நீருக்குப் போனால் அது கம்பிச்சுருள்போல விறைத்து நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அங்கே குளிர்நீர் லைன்தான் சரி.

மூன்றாம் படி: லைனுக்கு ராட்

லைன் எண் தெரிந்த பிறகு அதே எண் அச்சிட்ட ராடை எடுப்பது தொடக்கம். கரையிலிருந்து வீச 9 அடி நீளம் எல்லா வகையிலும் ஏற்றது. கரைச்சரிவின் புற்களுக்கு மேலே லைனைத் தூக்கிப்பிடிக்க அந்த நீளம் உதவும். ஆனால் ஒரே எண் கொண்ட இரண்டு ராடுகள் ஒன்றுபோல் வளைவதில்லை. முனைப்பகுதி மட்டும் வளைவது விறைப்பு வகை; நடுப்பகுதி வரை வளைவது நடுத்தரம்; கைப்பிடி வரை வளைவது மென்மை வகை.

ராடின் எண், 30 அடி லைன் முனைக்கு வெளியே காற்றில் இருக்கும் நிலையைக் கருதிச் சொல்லப்படுகிறது. நாமோ கருவேலத்துக்கு அஞ்சி 20 அடி லைனை மட்டுமே வெளியே விடுகிறோம். 5ஆம் எண் லைனில் முதல் 20 அடியின் எடை 6 கிராமுக்கும் குறைவு. ஏனென்றால் முனை மெலிந்திருக்கிறது. அதாவது 5ஆம் எண் ராடின்மேல் நாம் ஏற்றுவது 3ஆம் எண்ணின் சுமையைக்கூட எட்டுவதில்லை. விறைப்பான ராட் இந்தச் சுமைக்கு அசைவதே இல்லை. வீசுகிறவர் கைவலுவால் அதை ஈடுகட்ட முயன்று தோளைக் கெடுத்துக்கொள்கிறார். ஆகவே பெரும்பாலும் 25 அடிக்குள் வீசுகிறவர், விறைப்பான ராட் வைத்திருந்தால், ஓர் எண் கூடுதலான லைனைத் தயங்காமல் போடலாம். நடுத்தர வகைக்கு அதே எண். மென்மை வகைக்கு அளவுக்குச் சரியாக நிற்கும் லைனை மட்டும் தேடிப் போட வேண்டும். உறையில் சொல்லாமல் கனம் கூட்டிய லைன் அதற்கு எமன். மோர்தானாவின் திறந்த நீர்ப்பரப்பில் 45 அடிக்குமேல் வீசுகிறவர் கூடுதல் எண் போட வேண்டியதில்லை. வெளியே போகும் லைனே ராடுக்குத் தேவையான சுமையைத் தந்துவிடும்.

ஏற்கெனவே கையில் ராட் இருக்கிறது, லைன் மட்டும் வாங்க வேண்டும் என்ற நிலையில் பலர் இருக்கிறார்கள். அவர்கள் நண்பர் ஒருவரிடமிருந்து அடுத்தடுத்த இரண்டு எண்களில் லைனைக் கடன் வாங்கி, வழக்கமாக வீசும் தூரத்தில் இரண்டையும் மாற்றி மாற்றி வீசிப் பார்ப்பதுதான் உறுதியான வழி. கடையில் ராடை ஆட்டிப் பார்ப்பதால் எதுவும் தெரிவதில்லை.

நான்காம் படி: ரீல்

ஏரி மீனுக்கு ரீல் செய்யும் வேலை குறைவு. லைனைச் சுருள் விழாமல் வைத்திருப்பதும், ராடைக் கையில் சமன் செய்வதும்தான் அதன் முதல் கடமைகள். ஆகவே செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ரீலில் குறையுங்கள், லைனில் குறைக்காதீர்கள்.

முதலில் கொள்ளளவு. ரீலின் விவரத்தில் டபிள்யூ.எஃப்.6 லைனுடன் 20 பவுண்டு பேக்கிங் 100 கஜம் என்பதுபோல எழுதியிருக்கும். பேக்கிங் என்பது லைனுக்கு அடியில் முதலில் சுற்றும் டாக்ரான் நூல். லைன் ஏறத்தாழ 27 மீட்டர்தான். மீன் அதைத் தாண்டி ஓடினால் பேக்கிங் காக்கும், ஓடாவிட்டாலும் ரீலின் உட்பகுதியை நிரப்பி லைன் பெரிய வட்டமாகச் சுற்ற உதவும். ஜிலேபிக்கும் விராலுக்கும் 50 கஜம் போதும். டி.டி லைன் அதே எண்ணுள்ள டபிள்யூ.எஃப் லைனைவிட அதிக இடம் எடுக்கும் என்பதால், டி.டி போடுகிறவர் பேக்கிங்கைக் குறைக்க வேண்டும், அல்லது ஓர் அளவு பெரிய ரீலை எடுக்க வேண்டும். பேக்கிங்குக்குப் பதிலாக மலிவான நரம்பைச் சுற்றாதீர்கள். நரம்பு இழுபட்டு நீண்ட நிலையில் சுற்றப்பட்டு, பிறகு சுருங்கும்போது ரீலின் சக்கரத்தை நெரித்து வளைத்துவிடும். பருத்தி நூல் ஈரத்தில் மக்கிப்போகும்.

உட்தண்டு பருத்த ரீல்கள் நம் ஊருக்கு மிகவும் ஏற்றவை. வெயிலில் இளகிய லைன் சிறிய வட்டத்தில் சுற்றிக் கிடந்தால் அந்த வடிவத்திலேயே உறைந்து, மறுநாள் விரிக்கும்போது ஜடைபோலச் சுருண்டு வரும். பெரிய வட்டம் அந்தத் தொல்லையைப் பாதியாகக் குறைக்கிறது.

அடுத்து எடை. 9 அடி 6ஆம் எண் ராடுக்கு 130 முதல் 170 கிராம் வரையிலான ரீல் பெரும்பாலும் பொருந்தும். ஆனால் எண்ணை நம்பாமல் சோதித்துப் பாருங்கள். ரீலில் லைன் முழுவதும் சுற்றி, வளையங்களின் வழியே இழுத்து, 30 அடி லைனை முனைக்கு வெளியே விட்ட நிலையில், கைப்பிடியின் தக்கை முடியும் இடத்துக்கு அடியில் ஒரு விரலை வைத்து ராடைத் தூக்குங்கள். அந்த இடத்திலோ அதற்கு ஓர் அங்குலம் பின்னாலோ ராட் சமனாக நின்றால் நாள் முழுவதும் வீசினாலும் மணிக்கட்டு வலிக்காது. முனை தாழ்ந்தால் ரீல் இலேசானது. அடிப்பகுதி தாழ்ந்தால் ரீல் கனமானது. வெறும் ராடில் வெறும் ரீலை மாட்டிச் சோதிப்பது தவறான விடையையே தரும்.

ட்ராக் எனப்படும் தடை அமைப்பில், ஜிலேபிக்கு டிக் டிக் என்று ஒலிக்கும் எளிய பல்சக்கர வகையே போதும். விராலுக்கும் ரோகுவுக்கும் வட்டு வகை வேண்டும். அதிலும் இறுக்கத்தைவிட, இழுத்த உடனே தயங்காமல் இளகித் தொடங்கும் தன்மையைக் கவனியுங்கள். ரீலைக் கையில் பிடித்து லைனை மெல்ல இழுத்தால், முதல் அசைவில் வெட்டி இழுக்கிறதா, வழுக்கி வருகிறதா என்பது தெரியும்.

ஐந்தாம் படி: சுற்றும் முறை

எந்தக் கையால் சுற்றப்போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்து, ட்ராக்கின் திசையை அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். வலக்கையால் வீசுகிறவர் இடக்கையால் சுற்றப் பழகினால், மீன் மாட்டியவுடன் ராடைக் கை மாற்ற வேண்டியதில்லை. லைன் ரீலின் அடிப்பக்கத்திலிருந்து புறப்பட்டு முதல் வளையத்துக்கு நேராகப் போக வேண்டும்.

எவ்வளவு பேக்கிங் கொள்ளும் என்பதைச் சரியாக அறிய ஒரு வழி இருக்கிறது. லைனின் முன்முனையை ரீலின் உட்தண்டில் ஒட்டி, லைனை முதலில் சுற்றுங்கள். அதன் பின்முனையில் பேக்கிங்கைத் தற்காலிகமாகக் கட்டி, விளிம்புக்கு 5 மில்லிமீட்டர் கீழே வரும்வரை சுற்றி அங்கே வெட்டுங்கள். அளவு கிடைத்துவிட்டது, ஆனால் எல்லாம் தலைகீழாக இருக்கிறது. இப்போது அனைத்தையும் கழற்றித் திருப்ப வேண்டும். குடியாத்தத்தில் கைலி நெய்யும் அண்ணன் ஒருவர் வீட்டில் இதைச் செய்தோம். ரீலிலிருந்து நூல் சுற்றும் ராட்டைக்கு மாற்றியபோது பேக்கிங்கின் முனை உள்ளே போய்விட்டது. அதிலிருந்து நேராக ரீலுக்குச் சுற்றினால் பழைய நிலையே திரும்பும் என்பதை அவர்தான் முதலில் கண்டு, இரண்டாவது ராட்டைக்கு ஒருமுறை மாற்றச் சொன்னார். அப்போதுதான் பேக்கிங்கின் முனை வெளியே வந்தது. ராட்டையின் பெரிய வட்டத்தில் சுற்றியதால் லைனில் ஒரு சுருள்கூட விழவில்லை. ராட்டை இல்லாதவர்கள் ஒரு மைதானத்தில் இரண்டு கழிகளை நட்டு, அவற்றைச் சுற்றி நீளமாக விரித்துவிட்டு, பேக்கிங் முனையிலிருந்து சுற்றத் தொடங்கலாம்.

பேக்கிங்கை உட்தண்டில் ஆர்பர் முடிச்சால் கட்டுங்கள்: தண்டைச் சுற்றிவந்த முனையை நெடு நூலின்மேல் ஒரு சுருக்கு முடிச்சாகப் போட்டு, அந்த முனையிலேயே இன்னொரு சிறு முடிச்சைத் தடையாகப் போட்டு, இழுத்து இறுக்க வேண்டும். பிறகு ஒருவர் ஈரத்துண்டால் நூலைப் பிடித்து இழுவிசை கொடுக்க, மற்றவர் இடமும் வலமுமாகச் சீராகப் பரப்பிச் சுற்ற வேண்டும். தளர்வாகச் சுற்றிய பேக்கிங்குக்குள் மீன் இழுக்கும்போது மேல் சுற்று புதைந்து சிக்கிக்கொள்ளும்.

பேக்கிங்கையும் லைனையும் இணைக்க ஆல்பிரைட் முடிச்சு நல்லது. லைனின் முனையை மடித்து ஒரு காது செய்து, பேக்கிங்கை அதற்குள் நுழைத்து, காதின் இரு இழைகளையும் சேர்த்து 10 முதல் 12 சுற்றுகள் நெருக்கமாகச் சுற்றி, வந்த வழியே காதுக்குள் திருப்பி எடுத்து, எச்சிலால் நனைத்து இறுக்குங்கள். லைனின் பின்முனையில் தொழிற்சாலையிலேயே ஒட்டிய காது இருந்தால், பேக்கிங்கில் ரீல் நுழையும் அளவுக்குப் பெரிய காது போட்டு இரண்டையும் கோத்துவிடலாம். எந்த முனை ரீலுக்கு என்று லைனில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்காமல் டபிள்யூ.எஃப் லைனைச் சுற்றாதீர்கள். திருப்பிச் சுற்றினால் மெல்லிய பகுதி முன்னால் வந்து, வீசவே முடியாது.

ஆறாம் படி: லீடர்

லைனின் முனைக்கும் ஃப்ளைக்கும் இடையில் படிப்படியாக மெலியும் நரம்புத் தொடரே லீடர். அதன் கடைசி மெல்லிய பகுதி டிப்பெட். லைனின் விசை இதன் வழியாகத்தான் ஃப்ளையைச் சென்றடைகிறது. லைனுடன் சேரும் முனை மெலிந்திருந்தால் விசை அங்கேயே மடிந்து, ஃப்ளை குவியலாக விழும். 5, 6ஆம் எண் லைன்களுக்கு அது 0.50 மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் நரம்பைக் கொண்டே 9 அடி லீடரைக் கட்டலாம்: 0.50 மி.மீ. 110 செ.மீ., 0.40 மி.மீ. 50 செ.மீ., 0.33 மி.மீ. 30 செ.மீ., 0.28 மி.மீ. 25 செ.மீ., கடைசியாக 0.20 மி.மீ. 55 செ.மீ. பருமனான துண்டுகளை, இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக் கட்டும் பிளட் முடிச்சாலும், டிப்பெட்டை, இரு இழைகளையும் சேர்த்துப் பிடித்து இரட்டை முடிச்சாகப் போடும் சர்ஜன் முடிச்சாலும் இணையுங்கள். விறைப்பான நரம்பைப் பருமன் பகுதிக்கும், மென்மையானதை முனைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

விராலுக்கு இந்த லீடர் உதவாது. அதன் பல்லும் பாசியின் இழுப்பும் 0.20 நரம்பை நொடியில் அறுத்துவிடும். 7 அடிக்கு மேற்படாத லீடரும், 0.40 மில்லிமீட்டருக்குக் குறையாத முனையும் வேண்டும். பெரிய தவளை ஃப்ளையைத் திருப்பிப் போடவும் அந்தப் பருமன் தேவைப்படுகிறது.

ஏழாம் படி: கரையில் சோதனை

முள் இல்லாமல், லீடரின் முனையில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி, புல்தரையில் முதலில் வீசுங்கள். 20, 30, 45 அடி என்று மூன்று தூரங்களிலும் வீசிப் பார்த்தால் ராடின் நிலை தெளிவாகும். 20 அடியில் கையில் எதுவுமே உணராமல், 45 அடியில் மட்டும் ராட் உயிர்பெற்றால் லைன் இலேசானது. நீங்கள் பெரும்பாலும் குட்டையாக வீசுகிறவர் என்றால் ஓர் எண் கூட்டுங்கள். 30 அடியிலேயே ராட் தொய்ந்து, லைனின் வளைவு அகன்று விரிந்து, வீச்சு நின்ற பிறகும் முனை ஆடிக்கொண்டிருந்தால் லைன் கனமானது. ஓர் எண் குறையுங்கள். மூன்று தூரத்திலும் லைன் நன்றாகப் போய், ஃப்ளை மட்டும் மடிந்து விழுந்தால் குறை லீடரில் இருக்கிறது. லைன் நன்றாக உருண்டும் வளையங்களில் உராய்ந்து நின்றால், லைனின் வகையையும் அதன்மேல் படிந்த அழுக்கையும் பாருங்கள்.

ஏரியின் உட்கரையில் பாவிய கற்களின்மேல் லைனைப் போட்டு மிதிப்பதால் பூச்சு கீறிப்போகிறது. காலடியில் ஒரு நனைந்த கோணிப்பையை விரித்து, இழுக்கும் லைனை அதன்மேல் விழவிடுங்கள். கொசுவுக்குத் தடவும் களிம்புகள் சில பிளாஸ்டிக் பூச்சைக் கரைத்துவிடும் என்பதால், தடவிய கையைக் கழுவாமல் லைனைத் தொடாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ரீலை விட்டுவைக்காதீர்கள். வீடு திரும்பியதும் முன்பகுதி லைனை மிதமான சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்து, நல்ல நீரில் அலசி, ட்ராக்கைத் தளர்த்தி, ரீலை உறையில் மூடாமல் திண்ணை நிழலில் இரவு முழுவதும் உலரவிடுங்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் லைனை ரீலிலிருந்து கழற்றி, முழங்கை அளவு வட்டங்களாகச் சுவரில் ஓர் ஆணியில் மாட்டி வைப்பது அதைவிடவும் நல்லது.